இடது கைக்காகப் பாடியவனுக்கு

ரங்கூன் லான்மடாவில் நேற்று நம் கோயில் கால் ஆர்மோனியத்தைப் பார்த்தேன். வெற்றிலை வாங்கப் போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டது. கடைக்குள் ஒதுங்கி நின்றபோது, வெற்றிலைக் கட்டுகளை அடுக்கி ஈரச்சாக்குப் போட்டு மூடியிருந்த மேஜைக்கு அடியில் இரண்டு மிதிகட்டைகள் தெரிந்தன. மேஜைக்கு எதற்கு மிதிகட்டை என்று குனிந்து பார்த்தேன். முன்பலகையில் அதே திராட்சைக்கொடிச் சித்திரம், ஓரத்தில் அதே சிராய்ப்பு. கடைக்காரச் சீனரிடம் கேட்டுக்கொண்டு சாக்கை விலக்கி மூடியைத் தூக்கினேன். மிதித்தபடியே ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தம் வரவில்லை, வாசனைதான் வந்தது. நனைந்த தோல், எலிப்புழுக்கை, மழைக்காலத்துக்கு முன்னால் நாம் பொட்டலம் கட்டி உள்ளே திணித்து வைத்த கற்பூரம். மழை விட்டால் இந்த ஆள் போய்த் தொலைவான் என்பது போல அந்த மனிதர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தும் அந்த வாசனை மூக்கை விட்டுப் போகவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் இருந்தது. இப்போதெல்லாம் எனக்கு எதுவும் தொடங்கும் முன்பே அலுத்துவிடுகிறது. ஆபீசுக்குப் போவது, திரும்பி வருவது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கைப்பெட்டி ஆர்மோனியத்தின் முன்னால் உட்காருவது, எல்லாம் ஒரே சலிப்பு. நீ இருந்தால் ‘போடா சோம்பேறி’ என்பாய். அதைச் சொல்லவும் இப்போது ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.

நம் கோயிலைப் பற்றி யாருக்காவது சொல்ல வேண்டுமென்றால் பெஞ்சுகளிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஜெர்மன் தேசத்துப் பாதிரிமார் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய காலத்திலிருந்து, இருநூறு வருஷத்துக்கும் மேலாக, அவர்கள் ஊர் மெட்டில் நம் தமிழைப் போட்டு ஞானப்பாட்டு பாடி வருகிற ஜனம் நாம். மெட்டு என்றால் ஒன்றில்லை, நாலு. பெண்களில் மேல்குரல், கீழ்க்குரல், ஆண்களில் மேல்குரல், எல்லாவற்றுக்கும் அடியில் அடிக்குரல். சொல் ஒன்றுதான், நேரமும் ஒன்றுதான், வழி மட்டும் நாலு. பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறிய நம் அப்பன்மார் படுக்கையோடும் பாத்திரத்தோடும் இதையும் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். கோயிலில் குரல்வாரியாக பெஞ்சு. அடிக்குரல்காரன் பிள்ளை அப்பன் மடியில் உட்கார்ந்து அடிக்குரலையே கேட்டு வளருவான், மீசை முளைத்ததும் அதையே பாடுவான். பெஞ்சை மாற்றிக்கொண்ட குடும்பம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

நீ அடிக்குரல் பெஞ்சில் வளர்ந்தவன். உன் அப்பா மூட்டை ஏற்றும் கூட்டத்துக்கு மேஸ்திரியாகத் துறைமுகத்தில் இருந்தவர், அவர் தொண்டையைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும். அந்தக் குரலின் காலடியில் உட்கார்ந்திருந்த உனக்கு வேறு எதுவும் காதில் விழவே இல்லை. நாற்பது வயதை நெருங்கும்போது ஒருநாள் நீயே சொன்னாய்: ‘மேல பாடறவங்க சும்மா ஜோடனை பண்றாங்கன்னுதான் நெனச்சிருந்தேன்டா. பாட்டுன்னா எங்கப்பா பாடினதுதானே.’ நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். கட்டைகளின் முன்னால் வளர்ந்தவன் நான், பெரிய பாதிரியாரின் மனைவி என் இரண்டு கையையும் பிடித்து நாலு குரலையும் ஒன்றாக வாசிக்கப் பழக்கியிருந்தாள். மேலே உள்ள இரண்டு குரல் வலது கைக்கு, கீழே உள்ள இரண்டும் இடது கைக்கு. உன்னுடைய பாட்டு எப்போதும் என் இடது கைச் சுண்டுவிரலில் இருந்தது.

ஜெர்மன்காரரான பெரிய பாதிரியாரை யுத்தம் தொடங்கியதும் சர்க்கார் ஆட்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். எதிரி தேசத்தவர் என்றார்கள். சபையாருக்குக் கல்யாணம் செய்துவைத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, அம்மை கண்ட வீட்டுக்குள்ளும் நுழைந்து ஜெபம் பண்ணின மனிதர் ஒரே நாளில் எதிரியாகிவிட்டார். துறைமுகத்தில் அவரைக் கப்பலேற்றியபோது தூர நின்று பார்த்தோம், கிட்டே போக விடவில்லை. அதற்கப்புறம் ஒரு போலீஸ்காரர் வந்து நாம் ஞாயிற்றுக்கிழமை என்ன பாடுகிறோம் என்று விசாரித்தார். தமிழ்ப் புத்தகத்தைக் காட்டினோம். புரட்டிப் பார்த்துவிட்டுப் போனார், மெட்டைப் பிடித்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக அவருக்கு வழி தெரியவில்லை. அந்த நாளில்தான் சபையில் உனக்கு எம்டன் என்று பெயர் வந்தது. மதராஸ் மேல் குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் உனக்கு நன்றாகவே பொருந்தியது, அடியிலிருந்து திடீரென்று கிளம்பி எல்லோரையும் ஒரு குலுக்குக் குலுக்குவாய் என்பதால். உனக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. ஆற்றுக்கு அக்கரையில் டாலா கப்பல் பட்டறையில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த நீ, அங்கேயும் எம்டன் என்றே உன்னைக் கூப்பிட வைத்தாய்.

யுத்தம் முடிந்தது. ஆனால் பாதிரியார் திரும்பவில்லை, கூட்டமும் திரும்பவில்லை. சிலர் ஊருக்குக் கப்பலேறினார்கள், சிலர் மாந்தலே பக்கம் வேலைக்குப் போனார்கள், சிலரை இன்புளூயன்சாவில் புதைத்தோம். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பெண்களின் கீழ்க்குரல் முதலில் போனது, பிறகு ஆண்களின் மேல்குரல். அடிக்குரல் பெஞ்சில் நீ ஒருவன் மட்டும், நீளப் பெஞ்சின் நடுவில், ஏதோ ஜமீன்தார் போல உட்கார்ந்திருப்பாய்.

கால் ஆர்மோனியமும் அப்போதுதான் விழுந்தது. ரங்கூன் மழைக்கு மனுஷ உடம்பே தாங்குவதில்லை, குளிர் தேசத்துத் தோல் என்ன செய்யும்? துருத்தியை எலி கடித்தது, ஒட்டினோம். ஈரம் பிடித்துக் கட்டைகள் ஊதிப்போயின, வெயிலில் வைத்தோம். கடைசியில் இருமல்காரன் மூச்சு விடுவது போல ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. சபைச் சங்கத்தார் கூடிப் பேசி அதைத் தள்ளிவிட்டுக் கல்கத்தாவிலிருந்து ஒரு கைப்பெட்டி வரவழைத்தார்கள். கைப்பெட்டி நல்ல வாத்தியம்தான். பஜனைக்காரர்கள் கையில் அது பாடும், பேசும். ஆனால் அதற்குக் காற்று போட ஒரு கை வேண்டும். என் இடது கை பின்பலகைக்குப் போய்விட்டது. அது இவ்வளவு காலமாக வாசித்து வந்த பாதிப் பாட்டு அப்படியே அந்தரத்தில் நின்றது.

முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீ என் பக்கத்தில் வந்து பெட்டியை மேலும் கீழும் பார்த்தாய். பெரிய பெரிய கப்பல் சாமானை எண்ணி வாங்குகிறவன், பெட்டியையும் அப்படித்தான் பார்த்தாய்.

‘ஒன் எடது கை துருத்திக்குப் போயிடுச்சு. அது பாத்த வேலைய நான் பாத்துக்கறேன். நீ மேல கவனி.’

அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு கால் ஆர்மோனியமாக இருந்தோம். நான் வலது கையால் மேல்மெட்டை வாசிப்பேன், சபை அதைப் பாடும், கீழே நீ தனியாக நடப்பாய். அதிலும் நாம் அடிக்கடி பாடுகிற அந்த ஒரு பாட்டு. ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் மேல்குரல் கடைசி எழுத்தை நீட்டி நிற்கும். அப்போது அடிக்குரல் மட்டும் நின்றுவிடாமல் இன்னும் சில படி இறங்கி, தரையைத் தொட்டுவிட்டு வரும். அது வந்த பிறகுதான் அடுத்த அடி. உன் அப்பா அந்தப் படிகளில் அவசரப்பட்டதே இல்லை. நீ அவரைவிட மெதுவாக இறங்குவாய். சனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நீ கீழே போய்ச் சேருகிற வரைக்கும் காத்திருப்பார்கள். சில கிழவிகளுக்கு இருமல் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் மரக்கம்பெனித் துரை ஒரு ஞாயிறு மத்தியானம் ஏதோ அவசரக் கையெழுத்துக்காக வீட்டுக்கு வரச்சொன்னார். அங்கே கிராமபோனில் பெரிய கோயில் ஆர்கன் ஒன்று வாசித்துக்கொண்டிருந்தது. துரையும் அவர் கூட்டாளிகளும் கையில் கிளாசோடு கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள்ளே, பின்னல் பின்னலாக வேறு ஏதேதோ ஓடிக்கொண்டிருந்த சங்கீதத்துக்கு நடுவில், நம் பாட்டு வந்தது. அதேதான், சந்தேகமில்லை. நான் வாய் தவறி ‘இது எங்கள் கோயில் பாட்டு’ என்று சொல்லிவிட்டேன். துரை சிரித்துவிட்டு, இது ஜெர்மானியர்களின் மகா மேதை ஒருவர் எழுதியது, அவர் செத்துப் பல தலைமுறை ஆகிறது என்று விளக்கினார். இருக்கட்டும். ஜெர்மானியனோடு சண்டை போட்ட வெள்ளைக்காரன் அதை வரவேற்பறையில் வைத்துக் கேட்கிறான், அவனை எந்தப் போலீசும் விசாரிக்கவில்லை. அவனுக்கு அது ஒரு மேதையின் சங்கீதம். நமக்கு அது சாவு வீட்டிலும் கல்யாண வீட்டிலும் பசியோடு நின்று பாடுகிற பாட்டு. அவர்கள் ஊரிலேயே இன்றைக்கு இதை யார் பாடுகிறார்களோ, கிராமபோன் தட்டில் ஏற்றிவிட்டு நிறுத்திவிட்டார்களோ, எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் உன்னிடம் வந்து உருக்கமாகச் சொன்னேன். நீ கேட்டது ஒன்றுதான்: ‘அடிக்குரல் யாரு பாடினது?’ ஆர்கனில் அடிக்குரலைக் காலால் மிதித்து வாசிப்பார்கள் என்றேன். ‘காலாலயா?’ என்று நீ முகத்தைச் சுளித்தது துரைக்குத் தெரிய நியாயமில்லை.

பிறகு புதுப் போதகர் வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளைஞர், கதர் கட்டுகிறவர், நல்லவர். அவர் வந்து பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுத்தார், ராகத்தோடு, தாளத்தோடு. கோயில் மறுபடியும் நிரம்பத் தொடங்கியது, அதை இல்லையென்று சொன்னால் நான் பொய்யன். நம் மண்ணின் சங்கீதத்தை விட்டுவிட்டு யாரோ ஒருவருடைய மெட்டில் ஏன் அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். சங்கத்து வாலிபர்களும் அவர் பக்கம். ஞானப்பாட்டு இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் எல்லோரும் ஒரே மெட்டாக, இடையில் நிற்காமல், விறுவிறுவென்று பாடலாம் என்று முடிவானது.

அவர் நாலு குரல் கேட்டு வளர்ந்தவரில்லை. ஒருநாள் ஆராதனை முடிந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ‘உங்க சிநேகிதர் மட்டும் வேற எதையோ பாடுறார். சுருதியே சேரல. பிள்ளைங்க சிரிக்குதுங்க. மெட்டைக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்களேன்’ என்றார். கோபத்தில் சொல்லவில்லை, உனக்கு உதவி செய்கிறதாக நினைத்துத்தான் சொன்னார். இருநூறு வருஷத்துப் பாட்டை ஒருத்தன் தப்பில்லாமல் பாடிக்கொண்டிருக்கிறான், அவனுக்குப் பாடத் தெரியவில்லை என்று நினைத்துவிட்டார். நான் விளக்கப் பார்த்தேன். மற்ற மூன்று குரலும் எங்கே என்று கேட்டார். 

அன்றைக்குச் சாயங்காலமே சம்பான் படகு ஏறி டாலாவுக்கு வந்தேன். பட்டறைக்குப் பின்னால் தண்ணீருக்கு மேல் கால் ஊன்றி நிற்கிற உன் மரவீடு. உன் வீட்டுக்காரி மா மியா பச்சைத் தேநீரும் ஊறவைத்த தேயிலை லப்பேயும் கொண்டுவந்து வைத்தாள். அவள் பர்மாக்காரி, புத்தர் பகோடாவுக்குப் போகிறவள், நம் கோயில் வாசலை மிதித்ததில்லை. அதைச் சொல்லிச் சபையில் சிலர் உன்னைக் குத்தியபோதெல்லாம், அவள் சாமி அவளுக்கு, என் பெஞ்சு எனக்கு என்று முடித்துவிடுவாய். போதகர் சொன்னதைச் சொன்னேன். நீ சிரித்தாய். மெட்டுதானே, சொல்லிக்கொடு, பாடிவிட்டுப் போகிறேன் என்றாய்.

சொல்லிக்கொடுத்தேன். முதல் அடியைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல ஒழுங்காகப் பாடினாய். இரண்டாம் அடியில் குரல் கொஞ்சம் கீழே பார்த்தது. மூன்றாம் அடிக்குள் எங்கேயோ வழுக்கி அப்பன் வழியிலேயே போய்விட்டாய். மறுபடி தொடங்கினோம், மறுபடியும் அதேதான். மா மியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், உன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஆற்றில் கப்பல் ஒன்று சங்கு ஊதிக்கொண்டு போனது. நீ லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டாய்.

‘எனக்கு இது ஒண்ணுதான்டா தெரியும். இதுவும் வேணாம்னா அங்க வந்து நான் என்ன செய்ய?’

 எனக்கு அழுகை வந்தது, லப்பே காரம் என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த ஞாயிறுகளில் நீ வந்தாய், பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாய், வாயைத் திறக்கவில்லை. சபை ஒரே மெட்டாகப் பாடியது. எந்த இடத்திலும் யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை, எல்லாம் சீக்கிரம் முடிந்தது. நான் வாசித்துக்கொண்டே உன்னைப் பார்ப்பேன். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கம் புரட்ட மறந்து உட்கார்ந்திருப்பாய். அப்படி ஒரு ஆளைப் பார்த்துக்கொண்டு வாசிப்பது எவ்வளவு பாடு என்று அந்த நாளில் உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். கை கல்லாகக் கனக்கும்.

கடைசியில் நீயேதான் என்னையும் இழுத்துக்கொண்டு போதகரிடம் போனாய். அவர் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், நீ நின்றுகொண்டே பேசினாய். இது அந்நியர் பாட்டு என்று அவர் மெதுவாகத் தொடங்கினார்.

‘அந்நியரையெல்லாம் கப்பலேத்தி அனுப்பியாச்சுங்கய்யா. இப்ப இதுல மிச்சம் நானும் இவனுந்தான். எங்களையும் அனுப்பணும்னா சொல்லிடுங்க.’

 போதகர், நல்ல மனிதர் என்று சொன்னேனே, பிரசங்கத்துக்கு முந்தைய ஒரு பாட்டை உனக்காக விட்டுக்கொடுத்தார். அந்த ஒரு பாட்டில் நீ அடிக்குரல் பாடலாம், அதற்காகச் சபை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். மற்றதெல்லாம் அவர் இஷ்டப்படி. நீ வெளியே வந்து, ஏதோ ராஜ்யம் பிடித்தவன் போல என் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாய்.

அந்த ஒரு பாட்டுக்காக ஞாயிறுதோறும் ஆற்றைக் கடந்தாய். ஆடி மாதத்து மழையில் சம்பான்காரனே வரமாட்டேன் என்ற நாளிலும் அவனைக் கெஞ்சிக் கூத்தாடி ஏறி வந்தாய். தொப்பலாக வந்து நிற்பாய், பெஞ்சுக்கு அடியில் தண்ணீர் ஓடும். பாட்டு முடிந்ததும் உன் வேலை முடிந்தது என்று பிரசங்கம் முழுக்கத் தூங்குவாய். சபை முணுமுணுக்காமல் இல்லை. வாலிபர்கள் உன் படி இறங்குகிற இடம் வந்தால் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்கள். போதகரும் அந்த இடத்தில் கையில் புத்தகத்தை லேசாகத் தட்டிக்கொண்டே பொறுமை காப்பார். அப்படி இரண்டு மழைக்காலம் போனது.

பிறகு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் மார்பில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. நான் வந்து பார்க்கும்போது உன் குரல் காற்றாகிவிட்டிருந்தது. அந்த வாரங்களில் உன் பாட்டை நான் எடுக்கவே இல்லை, அந்த இடத்தில் ஏதாவது ஒரு கீர்த்தனையை வாசித்து ஒப்பேற்றினேன். என் பாட்டு என்ன ஆச்சு என்று நீ கேட்டாய். நீ எழுந்து வந்ததும் பாடலாமென்று வைத்திருக்கிறோம் என்றேன்.

‘பாடச் சொல்லு. பாட்டு கெடக்கக் கூடாது’ என்றாய். மூச்சு வாங்கிவிட்டு, ‘ஆனா அந்த எடத்துல நிக்க மாட்டாங்கடா. நான் இல்லேன்னா யாரு நிப்பா?’ என்றாய்.

நிற்பார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை வருஷம் உன்னிடம் பொய் சொன்னதில்லை, அந்த நேரத்திலா தொடங்குவது என்று இருந்தது. உன் காலைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தேன்.

நீ போன அன்றைக்கு மழை கொஞ்சம் விட்டிருந்தது. போதகரும் சபையாரும் சம்பான்களில் டாலாவுக்கு வந்தார்கள், நான் கைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டிலிருந்து உன்னை எடுக்கும் முன் ஒரு பாட்டுப் பாட வேண்டும். எது அவருக்குப் பிடித்தது என்று போதகர் மா மியாவிடம் கேட்டார். அவர் வீட்டில் எப்போதும் பாடுவாரே அதைப் பாடுங்கள் என்றாள். எது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்தபடியே முனகிக் காட்டினாள்.

ஒருவருக்கும் புரியவில்லை. கீர்த்தனையா, பர்மாப் பாட்டா என்று கூட்டத்தில் கிசுகிசுத்தார்கள். போதகர் என்னைப் பார்த்தார். எனக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. என் இடது கைச் சுண்டுவிரல் தானாக அசைந்தது. நான் பெட்டியைத் திறந்து பாட்டைத் தொடங்கினேன், சபையும் கண்டுகொண்டு பாடியது. மா மியா நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

‘மஹொபூ. இது இல்லே அண்ணே. இது அவரோடது இல்லே.’

சபை நின்றுவிட்டது. அவள் சொன்னது சரிதான். நான் உனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு சாயங்காலத்தைத் தவிர இந்த மெட்டை அவள் தன் ஆயுசில் கேட்டதில்லை. உன்னோடு குடித்தனம் செய்த காலமெல்லாம் அவள் கேட்டது அந்தப் பாட்டின் அடிக்குரலை மட்டும்தான். நான் வலது கையைப் பெட்டியின் கீழ்க்கட்டைகளுக்குக் கொண்டுபோய், உன் குரலைத் தனியாக வாசித்தேன். சபையைப் பாடும்படி கண்ணைக் காட்டினேன். பெட்டியின் துணையில்லாமல் அவர்கள் மேல்மெட்டைத் தட்டுத்தடுமாறிப் பாடினார்கள். அவள் தோளில் போட்டிருந்த துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு, ‘ஹொடே, இதுதான், இதுதான்’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போதகர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வருகையில் சம்பானில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அவர் பாடினது தப்பில்லையா?’ என்று கேட்டார். ‘இல்லைங்கய்யா’ என்றேன். 

அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு முன்னால் அவரே எழுந்து உன் பாட்டைச் சொன்னார். நான் அதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு அப்போது உடம்பிலும் மனதிலும் ஒன்றும் மிச்சமில்லை, எப்படியாவது வாசித்து முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் என்றிருந்தது. நீ இல்லாத பாட்டு, நிற்காமல் ஓட்டிவிடலாம் என்றுதான் எடுத்தேன். முதல் அடி முடிந்தது. சபை கடைசி எழுத்தை நீட்டியது. நான் விரலை அடுத்த அடியின் கட்டையில் வைத்து அழுத்திவிட்டேன்.

யாரும் என்னோடு வரவில்லை. அவர்கள் அந்த எழுத்திலேயே நின்றார்கள், கிழவிகள், கண்ணைச் சிமிட்டிய வாலிபர்கள், சிரித்த பிள்ளைகள் எல்லோரும். நீ கீழே இறங்கிப் போய்ச் சேருகிற அவ்வளவு நேரமும் நின்றார்கள். போதகர் புத்தகத்தைத் தட்டவில்லை, மூடிப் பிடித்திருந்தார். நான் வெட்கத்தோடு விரலை எடுத்துக்கொண்டேன். பிறகுதான் எல்லோரும் அடுத்த அடிக்குப் போனார்கள், அதன் முடிவிலும் நின்றார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானோ சொல்லியிருக்கவே மாட்டேன்.

இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் தடுமாறி முன்னால் ஓடிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்தக் கோயிலில் அப்படித்தான் என்று பக்கத்தில் இருக்கிறவர்கள் சொல்கிறார்கள், ஏன் என்று அவர்களில் பாதிப் பேருக்கு இப்போது தெரியாது. அந்த நேரத்தில் என் வலது கைக்கு வேலையில்லை, இடது கை மட்டும் காற்று போட்டுக்கொண்டிருக்கிறது. நான் உன் படிகளை வாய்க்குள் பாடிப் பார்க்கிறேன். எனக்கு அவ்வளவு கீழே வராதுடா, பாதியிலேயே குரல் தீர்ந்துவிடுகிறது. மிச்சத்துக்கும் அவர்கள் காத்திருக்கிறார்கள்.